மலாயா என்னும் கப்பல்

கத்தியால் வெட்டியவன் கொலைகாரன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தக் கத்தியை அடித்துக் கொடுத்த கொல்லன் யார்? இரும்புக்குக் காசு கொடுத்தவன் யார்? அந்தக் காசு எவனுடைய உழைப்பில் விளைந்ததோ அவன் யார்? இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் பாவம் எந்த வாசலில் நிற்கும்? இது பழைய கேள்விதான். ஆனால் நம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் லயம் வரைக்கும் வந்து நிற்கிற கேள்வியும் இதுவே.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் சேர்ந்த கூட்டரசு, 1912-ல் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை அன்பளிப்பாகத் தர முடிவு செய்தது. அதற்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பவுன் செலவு. ஈயத்துக்கும் ரப்பருக்கும் விதித்த வரியும் அபின் வருமானமும்தான் அந்நாளைய கஜானா. ஈயச் சுரங்கத்தில் மண் கழுவிய சீனரும், கோலசிலாங்கூர் முதல் அம்பாங் பெச்சா வரை விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தமிழரும் சிந்திய வியர்வை அதில் சேர்ந்திருக்கிறது. அவர்களை யார் கேட்டார்கள்? தங்கள் பெயரால் ஒரு பீரங்கிக் கப்பல் மிதக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்திராது.

கப்பலுக்கு ‘மலாயா’ என்றே பெயரிட்டார்கள். 1916 மே 31-ந் தேதி, வட கடலில் ஜட்லாண்ட் என்னுமிடத்தில் பிரிட்டிஷ் கடற்படையும் ஜெர்மன் கடற்படையும் மோதியபோது, நம் கூட்டரசின் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கொடியையும் பறக்கவிட்டுக்கொண்டு அது போரிட்டது. முன்காலத்து வீரன் எதிரியின் கண்ணைப் பார்த்தே வாளை வீசினான். இங்கோ பத்து மைலுக்கு அப்பாலிருந்து சுட்டார்கள். ஒரு குண்டின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. யார் மேல் விழுந்தது, எத்தனை பேர் மாண்டார்கள் என்று சுட்டவனுக்கே தெரியாது. ஒரு மாலையும் ஓர் இரவும் முடிவதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் 6,094 பேரும் ஜெர்மன் தரப்பில் 2,551 பேரும் மடிந்தனர். பெரும்பாலோருக்குக் கடலே கபுறு.

மலாயா மீது எட்டுக் குண்டுகள் விழுந்தன. வலப்பக்கத்துச் சிறு பீரங்கித் தளத்தில் வெடிமருந்து பற்றிக்கொண்டு ஆட்களை நின்ற இடத்திலேயே கரித்தது. இறந்தவர் 65 பேர். உயிர் தப்பிய வில்லியம் விக்கரேஜ் என்ற மாலுமிக்கு இமைகளும் உதடுகளும் வெந்துபோயின. 1917-ல் ஹெரால்டு கில்லீஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அவர் மார்புத் தோலைக் குழாய்போல் சுருட்டி மேலே ஏற்றி, முகம் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார். வைத்திய உலகத்துக்கு அதனால் ஒரு புது வழி திறந்தது உண்மையே. அதற்காக நெருப்புக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள்.

இதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் அருகில் வைத்துப் பாருங்கள். 1915 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரில் ஐந்தாம் காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தங்களைத் துருக்கியருக்கு எதிராக ஏவப்போகிறார்கள் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். உண்மையில் அவர்கள் போகவிருந்தது ஹாங்காங். கிளர்ச்சியில் குற்றமற்றவர் பலரும் கொல்லப்பட்டனர். அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. பிறகு 47 சிப்பாய்களைச் சிறைச் சுவரோரம் நிறுத்தி, ஊர் பார்க்கச் சுட்டார்கள். ஆனாலும் அந்தச் சிப்பாய், ‘என் துப்பாக்கி யாரை நோக்கும்?’ என்று கேட்கும் இடத்திலாவது இருந்தான். மரம் சீவியவனுக்கு அந்த இடமும் இல்லை. அவன் கையில் இருந்தது பால்கத்திதான்.

ஆகவே அவன் குற்றவாளி அல்லன் என்பது என் துணிபு. நிய்யத்தும் இல்லை, விருப்பமும் இல்லை. பாவம் எங்கிருந்து வரும்? ஆனால் இந்தத் தீர்ப்பை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. மன்றத்தில் அமர்ந்து கை தூக்கியவருக்கு அது பொருந்தாது. யுத்தத்தால் ரப்பர் விலை ஏறாதா என்று பத்திரிகையைப் புரட்டிய பங்குதாரருக்கும் பொருந்தாது. தோட்டத்து வாசலில் கடை விரித்த வியாபாரி இவ்விருவருக்கும் நடுவில் நிற்கிறான். அவன் தராசில் எடை எவ்வளவு என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கப்பல் செய்த இன்னொரு வேலையையும் நம்மவர் அறிய வேண்டும். 1922 நவம்பர் 17-ந் தேதி, உதுமானியச் சுல்தான்களில் கடைசியானவரும் அப்போது கலீபாவுமாக இருந்த ஆறாம் முஹம்மதை இஸ்தான்புல்லிலிருந்து ஏற்றிக்கொண்டு மால்டாவுக்குப் போனது இதே மலாயாதான். நான்கு மலாய் ஆட்சியாளர்களின் நாடுகள் பணம் கொடுத்த கப்பல்! ஒரு முஸ்லிம் மன்னர் நாடு துறக்கும் வாகனமாகும் என்று 1912-ல் எவர் கனவு கண்டிருப்பார்? கொடுத்த காசு கொடுத்தவன் சொற்படி நடப்பதில்லை.

அடுத்த உலக யுத்தத்திலும் அது ஓயவில்லை. 1941 பிப்ரவரி 9-ந் தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் இத்தாலியின் ஜெனோவா நகரைச் சுட்டபோது மலாயாவும் கூட இருந்தது. நகரவாசிகள் பலர் மாண்டனர். மலாயா சுட்ட குண்டு ஒன்று அந்நகரத்துப் பெரிய மாதா கோயிலின் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. கப்பலை 1948-ல் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அந்த வகைக் குண்டு ஒன்றை ஜெனோவாக் கோயிலுக்குள் இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.