நான்காம் டிவிஷன்

விளையாட்டுப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓர் ஏணியில் போய் நிற்கிறது. எந்த ஆட்டம் பெரியது, அந்த ஆட்டத்துக்குள் எந்தப் போட்டி பெரியது என்று. கிரிக்கெட்டில் உச்சியில் உலகக் கோப்பை. இறங்க இறங்க ஐபிஎல், ரஞ்சி, டிஎன்பிஎல், சென்னை லீக்கின் டிவிஷன்கள், அடியில் டென்னிஸ் பந்து. கபடிக்கும் இப்படி ஒன்று உண்டு: ஆசிய விளையாட்டுப் போட்டி, புரோ கபடி, மாநில அணி, மாவட்ட அணி, அப்புறம் பொங்கலுக்கு ஊர்த் திடலில் விடிய விடிய நடக்கும் ஆட்டம். உச்சியைப் பார்ப்பவன் ரசிகன், அடியில் நின்று பார்ப்பவன் வேலையற்றவன் என்று நாம் பேசாமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம். சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் பார்த்துவிட்டு வந்து அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். "லீவு போட்டா?" என்று கேட்பார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

உச்சியில் ஆடப்படுவதுதான் தரமான ஆட்டம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பும்ரா போடும் யார்க்கரும் டிவிஷன் ஆட்டத்தில் ஒருவர் போடும் யார்க்கரும் ஒன்றல்ல. என் சந்தேகம் வேறு. தரத்தைப் பார்ப்பதும் போட்டியைப் பார்ப்பதும் ஒன்றுதானா?

முதலில் கபடி. அதில்தான் எனக்கு எதிராளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். தங்கை வீட்டுக்காரருக்கு மன்னார்குடிப் பக்கம். இளவயதில் 65 கிலோ பிரிவில் கார்னர் நின்றவர். கிரிக்கெட் என்றால் அவருக்கு இளக்காரம். "வெயில்ல அஞ்சு நாள் நின்னுட்டு, கடைசில டிரான்னு கைகுடுத்துட்டுப் போறதுக்குப் பேரு ஆட்டமா மச்சான்?" என்பார். 2014இல் புரோ கபடி தொடங்கியபோது அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மேட் மேல் ஆடுகிறவனுக்கு மண் தெரியாது, மண்ணில் ஒருத்தனை மடக்கிப் பிடிப்பதுதான் பிடி என்றார். அவருடைய ஏணி தலைகீழானது; அடியில் இருப்பதுதான் அதில் உயர்ந்தது.

இந்த இடத்தில் அவரோடு நான் ஒத்துப்போவதில்லை. ஊர்க் கபடியை வானளாவப் புகழ்வது இப்போது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்த டியூப்லைட் வெளிச்சம், மைக்கில் ஓயாத குரல், அடுத்து ஆட வேண்டிய அணி தயாராக இருக்கும்படி அறிவிப்பு, முதல் பரிசு ரொக்கத்தோடு நிறுத்தியிருக்கும் கிடா, எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நடுவர் போட்டி நடத்தும் ஊர்க்காரர். ஜெயிக்க வேண்டும் என்றால் காசு கொடுத்து வெளியாளை இறக்குவார்கள். சில அணிகளின் பெயரிலேயே சாதி இருக்கும். அப்படி இரண்டு பெயர்கள் அரையிறுதியில் மோதினால் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வண்டி நிற்காது. 2022இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் ரெய்டு போன இடத்திலேயே விழுந்து இறந்தார். பார்த்தவர்கள் அவர் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

புரோ கபடி செய்த ஒரு நல்ல காரியத்தை மாப்பிள்ளை இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. முன்பெல்லாம் நாலு பாயிண்ட் முன்னால் இருக்கும் அணி என்ன செய்யும்? பாடிக்கொண்டே போய் பாக் லைனைத் தாண்டி, யாரையும் தொடாமல் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். அடுத்தவரும் அப்படியே. ஆட்டம் செத்துவிடும். ரெய்டுக்கு முப்பது விநாடிதான், இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட் என்ற விதி வந்த பிறகு, ஓடி ஒளிய இடமில்லை. எனக்குத் தெரிந்து ஓர் ஆட்டத்தை இவ்வளவு சிறிய திருத்தம் இவ்வளவு மாற்றியதில்லை. மேலே இருப்பவர்கள் காசுக்காகத்தான் இதைச் செய்தார்கள். இருந்தாலும் பார்ப்பவனுக்கு லாபம்.

நஷ்டமும் உண்டு. தமிழ் தலைவாஸ் 2017இல் லீகுக்குள் வந்தது. முதல் கேப்டன் அஜய் தாக்கூர், இமாசலப் பிரதேசத்துக்காரர். அதற்குப் பிறகும் அணியில் பெரும்பாலும் வடக்கத்தி வீரர்கள்தான். வடுவூரில் பிறந்தவன் வேறு ஏதோ ஊருக்கு ஆட, ஹரியானாக்காரர் 'தலைவாஸ்' சட்டை போட்டுக்கொண்டு வருவார். 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள், அதுவரை லீகிலேயே அதிக விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். தலைவாஸ் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது அதே சீசனில்தான். பெயர் தெரியாத பையன்கள் ஆடிக் கொண்டுபோனார்கள். அந்தச் சில வாரங்கள் மட்டும் மாப்பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்தார். காரணம் கேட்டால், "சும்மா" என்பார்.

தரமும் போட்டியும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது ஆசிய விளையாட்டில். 1990 பெய்ஜிங் தொடங்கி 2014 இஞ்சியோன் வரை ஆண்கள் கபடியில் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே. 1994 ஹிரோஷிமா அணியில் நம் மணத்தி கணேசன் இருந்தார் என்பதில் தென்மாவட்டமே பெருமைப்பட்டது, படவும் வேண்டும். ஆனால் அந்தத் தங்கங்களை நாம் பார்க்கவில்லை. மறுநாள் பேப்பரில் படித்தோம். முடிவு தெரிந்த ஒன்றை யார் உட்கார்ந்து பார்ப்பது? 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27-18 என்று தோற்கடித்தது. பெண்கள் இறுதியிலும் ஈரானே ஜெயித்தது. அந்தப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஷைலஜா ஜெயின் என்ற இந்தியர். ஆண்கள் அணியின் ஃபசல் அத்ராச்சலியும் மற்ற சிலரும் வருஷக்கணக்காகப் புரோ கபடியில் நம்மவர்களோடு ஆடி, நம்மவர்களின் காலசைவை மனப்பாடம் செய்திருந்தவர்கள். மாப்பிள்ளை அன்றைக்குச் சோறு தின்னவில்லை என்று தங்கை போனில் சொன்னாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு கிளர்ச்சி. கபடிக்குக் கடைசியில் ஓர் எதிரி கிடைத்துவிட்டான். 2023இல் ஹாங்சோ இறுதியில் அதே ஈரானோடு, ஒரு ரெய்டுக்கு எத்தனை பாயிண்ட் என்ற தகராறில் ஆட்டம் நெடுநேரம் நின்றுபோய், 33-29க்கு இந்தியா ஜெயித்தபோது, நாங்கள் இருவருமே நின்றுகொண்டுதான் பார்த்தோம். முந்தைய ஏழு தங்கத்துக்கும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

உயரமான இடத்தில் நடந்தாலும் ஒருபக்கச் சாய்வான ஆட்டம் காட்சிதான், போட்டி ஆகாது. சமமான இரண்டு பேர் மோதினால் எந்தப் படியில் மோதினாலும் அது போட்டி. இதை ஒப்புக்கொண்டால் ஏணியின் மீது நமக்கிருக்கும் பக்தி கொஞ்சம் குறைய வேண்டும். குறைவதில்லை. ஏனென்றால் நாம் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் போவதில்லை, பெரிய இடத்தில் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளவும் போகிறோம்.

சேப்பாக்கத்தை விவரம் தெரிந்த கூட்டம் என்பார்கள். 1999 ஜனவரியில் டெண்டுல்கர் 136 எடுத்தும் 12 ரன்னில் தோற்ற டெஸ்ட்டுக்குப் பிறகு, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் அது. அந்தப் பெருமைக்குக் குறைவில்லை. அதே மைதானத்தில் ஐபிஎல் நாளில், சொந்த அணியின் ஆட்டக்காரர் அவுட் ஆனால் தோனி வருவார் என்று ஆரவாரம் எழும். தான் முன்னதாக இறங்கினால், அவுட் ஆகட்டும் என்று கூட்டம் காத்திருக்கும் என்று ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை, அது ஒரு மனிதர் மேல் உள்ள அன்பு. ஆனால் அந்த நேரத்தில் கிரிக்கெட் என்ற ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கவில்லை.

ரஞ்சி நாளில் அதே இடத்தில் ஸ்லிப்பில் நிற்பவர்கள் பேசிக்கொள்வது கேலரிக்குக் கேட்கும். 2012 ஜனவரியில் ரஞ்சி இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. தமிழ்நாடு, ராஜஸ்தான். 1988க்குப் பிறகு நமக்குக் கோப்பை இல்லை, சொந்த மண், இந்தமுறை விடக் கூடாது என்று இருந்தோம். டாஸ் ராஜஸ்தானுக்குப் போனது. வினீத் சக்சேனா என்றொருவர் இறங்கினார். நகரவே இல்லை. 257. ராஜஸ்தான் 621. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை கைமாறியது. பார்க்க அலுப்பான ஆட்டம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். மாப்பிள்ளை பார்த்திருந்தால் வாழ்நாளுக்கும் கேலி செய்திருப்பார். ஆனால் அந்த சக்சேனா இந்தியாவுக்கு ஒருநாளும் ஆடப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும் வயது அது. எதற்காக அப்படி நின்றார்? தூக்கிவிட மேலே யாரும் இல்லாத இடத்தில் ஒருவர் இரண்டு நாளுக்கும் மேல் மட்டையைக் கீழே போடாமல் நிற்பதை ஐபிஎல் எனக்குக் காட்ட முடியாது. அங்கே ஒவ்வொரு பந்தும் யாரோ பார்த்துக் குறித்துக்கொள்ளும் பந்து.

நம்மவர்களில் ஸ்ரீதரன் சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை ஆட்டக்காரர். 139 முதல்தர ஆட்டங்கள், 8,700 ரன், 27 சதம், சராசரி ஐம்பதுக்கு மேல். பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காக. இந்திய அணியில் ஒரே ஓர் ஆட்டம்கூட இல்லை. அவர் ஆடிய காலத்தில் நடுவரிசையில் டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண். நாலு பேரும் பத்து வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். வி.பி. சந்திரசேகருக்கு வேறு மாதிரி அமைந்தது. 1988இல் இரானி கோப்பையில், இதே சேப்பாக்கத்தில், 56 பந்தில் சதம் அடித்தார். இந்தியாவுக்கு ஆடியது ஏழு ஒருநாள் ஆட்டம். இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே 'பாவம்' என்கிறோம். 27 சதம் அடித்தவர் எப்படிப் பாவம் ஆவார் என்று எனக்கு விளங்குவதில்லை. நம்மில் யார் நம் வேலையில் 27 முறை அப்படி ஒரு காரியம் செய்திருக்கிறோம்? சரத் பின்னாளில், 2023இல், இந்திய சீனியர் அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலேயே உட்கார்ந்தார். தனக்குக் கிடைக்காத சட்டையை அடுத்தவர்களுக்குக் கொடுக்கும் வேலை. அது எப்படிப்பட்ட மனநிலை என்று அவரைச் சந்தித்தால் கேட்க ஆசை. கேட்க மாட்டேன் என்றும் தெரியும்.

நடராஜன் கதையையும் நாம் ஏணிக் கதையாகவே சொல்கிறோம். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து, சென்னையில் நான்காம் டிவிஷன், ரஞ்சி, ஐபிஎல், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். கேட்கக் கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த யார்க்கர் பிரிஸ்பேனில் கற்றதல்ல. அதிகம் ஸ்விங் ஆகாத டென்னிஸ் பந்தில் அடி வாங்காமல் தப்பிக்க ஒரே வழி காலடியில் போடுவது. சேலத்துத் திடல்களில் அதற்குத்தான் அவர் பேர் வாங்கினார். அதே திடல்களில் அவருக்குச் சரிக்குச் சரியாகப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள், அவரை அடித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் இல்லாமல் அந்த யார்க்கர் இல்லை. அவர்கள் இன்று பட்டறையிலோ, பஞ்சாலையிலோ, லாரி ஷெட்டிலோ வேலையில் இருக்கலாம். கதையில் அவர்களுக்கு இடமில்லை.

இதெல்லாம் எனக்கு வெறும் ரசிகப் பேச்சாக இருந்த வரை சௌகரியமாக இருந்தது. போன வருஷம் மாப்பிள்ளையின் மகன், என் மருமகன், பி.காம் முடித்துவிட்டு என் வீட்டில் தங்கிச் சென்னை லீகில் ஆடத் தொடங்கினான். கபடிக்காரர் வீட்டில் கிரிக்கெட், அதுவும் நான்காம் டிவிஷன். அப்பனுக்கு இரட்டை அவமானம். தங்கை ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீ சொன்னா கேப்பான். இது எங்கயாவது போய்ச் சேருமா, சேராதான்னு அவன்கிட்ட கேட்டுச் சொல்லு. சேராதுன்னா விட்டுட்டு வேலையைப் பாக்கச் சொல்லு."

சேராது என்பது எனக்கு முன்பே தெரியும். நான்காம் டிவிஷனில் ஆடுபவர்களில் மேலே போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதில் இவன் இல்லை. அதை அவனிடம் சொல்வதற்கு முன்னால் ஓர் ஆட்டம் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு கல்லூரி மைதானம். எதிரணியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆஃப் ஸ்பின்னர், தொப்பையோடு. நம் பையன் பதினாலு எடுத்தான், அவரிடம் போல்டானான். உள்ளே வந்து பேடைக் கழற்றிக்கொண்டே, "மாமா, அவர் கையைப் பாத்தீங்களா? ஆக்‌ஷன் மாறவே இல்ல, பந்து மட்டும் நேரா வந்துருச்சு. மூணு ஓவரா அதுக்குத்தான் என்னை இழுத்துக்கிட்டு இருந்தாரு, எனக்குப் புரியல" என்றான். முகத்தில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம். ஆட்டம் முடிந்ததும் அவரிடமே போய், அந்தப் பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றான். அவர் விரலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

ராத்திரி தங்கை கூப்பிட்டாள். "கேட்டியா அண்ணே?"

"பேசிட்டேன். பேங்க் பரீட்சைக்குப் பணம் கட்டிட்டான், எழுதிருவான். ஞாயித்துக்கிழமையை மட்டும் அவனுக்கு விட்டுடுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல், போனை வாங்கிக்கொண்டார். "எவ்வளவு மச்சான் அடிச்சான்?"

"பதினாலு. ஒரு நல்ல ஆஃப் ஸ்பின்னர்கிட்ட மாட்டிக்கிட்டான்."

கொஞ்சம் யோசித்தார். "ஆஃப் ஸ்பின்னுன்னா பந்து உள்ள வர்றதா, வெளிய போறதா?" என்றார்.