ஹேமரின் பன்றி வங்கி

ஒரு தலைவரின் நினைவுநாள் கூட்டத்தில் பன்றிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அமைப்பாளர்கள் நெளிவார்கள். ஆனாலும் ஃபேனி லூ ஹேமரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை 35 பெண் பன்றிகளும் 5 ஆண் பன்றிகளும்தான். அறுபதுகளின் கடைசியில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், சன்ஃபிளவர் மாவட்டத்து ஏழைக் குடும்பங்களுக்காக அவர் தொடங்கிய பன்றி வங்கியின் மூலதனம் அது.

உலகம் நினைவில் வைத்திருக்கும் ஹேமர் வேறு. 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டி. ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழு ஒன்றின் முன்னால், பூப்போட்ட உடையில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறார். தன் பெயரையும் ஊரையும் சொல்லி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காகத் தனக்கு நேர்ந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவசர அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டித் தொலைக்காட்சிக் கேமராக்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பலன் என்ன? அன்றிரவே அந்தப் பேச்சை அலைவரிசைகள் மறுபடி ஒளிபரப்பின. நேரலையில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அந்தப் பதிவு இப்போதும் கிடைக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சிலிர்த்த கையோடு வேறு வேலை பார்க்கப் போய்விடலாம் என்பதுதான் அதில் உள்ள சிக்கல். பன்றிகள் அப்படி விடுவதில்லை.

ஹேமர் 1917இல் பிறந்தார். இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. பெற்றோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். நிலம், விதை, கடை, கணக்கு எல்லாம் பண்ணையாருடையது. உழைப்பும் கடனும் மட்டும் இவர்களுடையவை. ஹேமருக்கு ஆறு வயதானபோது பண்ணையார் கூப்பிட்டு, 30 பவுண்டு பருத்தி எடுத்தால் பண்ணைக் கடையிலிருந்து தின்பண்டம் தருவதாகச் சொன்னார். குழந்தை எடுத்துவிட்டது. அந்தத் தின்பண்டத்தோடு மாட்டிக்கொண்டதுதான், அதன்பிறகு அந்த மனிதரின் கடனிலிருந்து மீளவே இல்லை என்று ஹேமர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஒரு நல்ல வருஷத்தில் அவர் அப்பா எப்படியோ மிச்சம் பிடித்து கோவேறு கழுதைகளும் பசுக்களும் வாங்கினார். சொந்த ஏர் இருந்தால் வாரத்துக்குப் போகாமல் குத்தகைக்கு நிலம் எடுக்கலாம். ஒருநாள் இரவு அருகிலிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தீவனத் தொட்டியில் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார். அத்தனையும் செத்தன. குடும்பம் மறுபடி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்த அப்பா எந்தப் போராட்டத்துக்கும் போகவில்லை, யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. சொந்தக் காலில் நிற்கப் பார்த்தார், அவ்வளவுதான். அதுவே பெரிய குற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஹேமரின் அரசியல் மேடையில் தொடங்கவில்லை, அந்தத் தீவனத் தொட்டியில் தொடங்கியது என்பது என் எண்ணம்.

வளர்ந்த பிறகு ரூல்வில் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கணக்கெழுதும் பொறுப்பும் வந்தது. பருத்தி எடுத்தவர்களை ஏமாற்றப் பண்ணைத் தராசில் கள்ள எடைக்கல் கிடந்தது. ஹேமர் வீட்டிலிருந்து தன்னுடைய எடைக்கல்லை எடுத்துப் போவார். பண்ணையார் தலை தெரியாத வரைக்கும் அதை மாட்டி நிறுப்பார். தலை தெரிந்ததும் பழையதை மாட்டிவிடுவார். இயக்கம், சங்கம், துண்டறிக்கை எதுவும் ஊருக்குள் வருமுன் நடந்தது இது.

1962 ஆகஸ்டில் ரூல்வில் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில்தான் கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டார். வயது 44. ஆகஸ்ட் 31 அன்று 18 பேர், வயல்வேலைக்கு ஆள் ஏற்றும் ஒரு பழைய பேருந்தில், 26 மைல் தள்ளியிருந்த இண்டியனோலாவுக்கு வாக்காளராகப் பதியப் போனார்கள். மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். வக்கீல்களே திணறும் பகுதி, தேறவில்லை. திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை மறித்து, அதன் நிறம் சரியில்லை என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். நிறம் சரியில்லையாம்! அத்தனை நாள் அதே நிறத்தில் அது வயலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டுதான் இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது பண்ணையாருக்குச் சேதி போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணு என்றார். உங்களுக்காக நான் அங்கே போகவில்லை, எனக்காகப் போனேன் என்ற பொருளில் ஹேமர் பதில் சொன்னார். அன்றிரவே வெளியேறினார். கணவரால் கூடப் போக முடியவில்லை. அறுவடை முடியும்வரை அவர் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற பண்டபாத்திரமும் போய்விடும். பத்து நாள் கழித்து, ஹேமர் தங்கியிருந்த வீட்டுக்குள் 16 குண்டுகள் பாய்ந்தன. 1963 ஜனவரியில் ஒருவழியாகத் தேர்வில் தேறினார். வாக்குப் போடப் போனால், இரண்டு வருஷத்துத் தலைவரி ரசீது எங்கே என்று கேட்டார்கள்.

இங்கே ஒரு சொந்த விஷயம். நான் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடமொன்றில், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை அநியாயமாக வெளியே அனுப்பினார்கள். அநியாயம் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் டீக்கடையில் ஆளுக்கு ஒரு பிரசங்கம். கூட்டத்திலேயே எழுந்து பேசிய ஒரே ஆள், ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். மற்றவர்களுக்கு வீட்டுக் கடன், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம். தோப்புக்காரரைத் துணிச்சல்காரர் என்று நாங்கள் பாராட்டினோம். துணிச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் தேங்காய் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஹேமருக்குத் தோப்பு இல்லை. இருந்த ஒரே வீடும் பண்ணையாருடையது. அப்படியும் பேசினார். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் நூற்றில் ஒருவர் இருப்பார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பிரச்சினை மற்ற 99 பேரைப் பற்றியது. துணிந்தவர்கள் பலரும் ஒரு கட்டத்துக்குமேல் இந்த 99 பேரை வெறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கோழைகள், சோற்றுக்கு வாழ்கிறவர்கள் என்று சலித்துக்கொள்கிறார்கள். சோறு போட ஆளில்லாதவன் சோற்றைப் பற்றி யோசிக்காமல் வேறு எதை யோசிப்பான்?

மிசிசிப்பியை ஆண்டவர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். 1962 குளிர்காலத்துக்குமுன், சன்ஃபிளவருக்குப் பக்கத்து மாவட்டமான லெஃப்லோரில், மத்திய அரசு ஏழைகளுக்கு அனுப்பிய உபரி உணவுப் பொருள்களை மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது. சுமார் 22,000 பேருக்கு அந்தக் குளிர்காலத்துச் சாப்பாடு அதுதான். வயலில் வேலை இல்லாத மாதங்கள் அவை. வாக்காளர் பதிவுக்குப் போன சிலருக்காக மாவட்டமே பட்டினி கிடக்கட்டும் என்று முடிவானது. அடி, உதை, குண்டு எல்லாம் செய்தியில் வரும். அரிசி மூட்டை வராதது எந்தப் படத்திலும் விழாது.

ஹேமரும் இந்த நெம்புகோலைத் தொட்டுப் பார்த்தவர்தான். வடக்கிலிருந்து வாக்குரிமை இயக்கத்தின் பெயரில் உணவும் பழைய துணிகளும் வந்தபோது, வாங்க வந்தவர்களை, முதலில் இண்டியனோலாவுக்குப் போய்ப் பதிய முயன்றுவிட்டு வாருங்கள் என்று அவர் அனுப்பியதுண்டு. நினைவு மலர்களில் இதைப் போடமாட்டார்கள். எனக்கு இது அவரைக் குறைக்கவில்லை, பக்கத்தில் கொண்டுவருகிறது. பயந்தவர்களை நகர்த்தக் கையில் கிடைத்ததைப் பயன்படுத்தினார். ஆனால் அது எதிராளியின் ஆயுதம். அது கையில் இருக்கும்வரை, படியளக்கிறவர்தான் மாறியிருக்கிறார், அளக்கிற முறை மாறவில்லை. சில வருஷங்களில் அவர் அங்கிருந்து பன்றி வங்கிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பயணம், அட்லாண்டிக் சிட்டிக்குப் போனதல்ல, இதுதான்.

இடையில் நடந்தவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். 1963 ஜூனில் வினோனா சிறையில் காவலர்கள் கறுப்பினக் கைதிகளின் கையில் தடியைக் கொடுத்து அவரை அடிக்க வைத்தது. அதில் சிறுநீரகம் கெட்டு, ஏற்கெனவே போலியோவால் இருந்த நொண்டல் மோசமானது. அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் சமரசமாகத் தருவதாகச் சொன்ன இரண்டு பிரதிநிதி இடங்களை 1964இல் உதறியது. நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றது. அந்தத் தேர்தலில் அவர் எதிர்த்து நின்ற ஜேமி விட்டன், வேளாண்துறைக்கு நிதி ஒதுக்கும் துணைக்குழுவின் தலைவர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சன்ஃபிளவர் மாவட்டத்திலேயே ஐயாயிரம் ஏக்கருக்குமேல் பண்ணை வைத்திருந்தவர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். நிலத்தில் பருத்தி போடாமல் இருப்பதற்காகவே அவருக்கு ஒரே ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்குமேல் அரசு மானியம் போனது. அதே மாவட்டத்தில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். இந்த ஒப்பீட்டைச் சொல்லிக்காட்ட ஹேமர் அலுத்ததே இல்லை.

வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் பருத்தி எடுக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் வயல்களைப் பிடித்துக்கொண்டன. ஓட்டு வந்தபோது வேலை போயிற்று. உரிமை வாங்கிய மக்கள் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள். பண்ணை முதலாளிகளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

1969இல் ஹேமர் 40 ஏக்கர் வாங்கி ‘சுதந்திரப் பண்ணை’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார். நாடு முழுக்கப் பேசிச் சேர்த்த பணமும், பாடகர் ஹாரி பெலஃபாண்டே போன்றவர்கள் திரட்டித் தந்ததும் முதலீடு. பட்டாணி, வெண்டை, கீரை, சர்க்கரைவள்ளி, சோளம் எல்லாம் சாப்பாட்டுக்கு. பருத்தியும் சோயாவும் நிலக்கடன் கட்ட. சில ஆண்டுகளில் நிலம் 600 ஏக்கரைத் தாண்டியது. உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டாலர். அதைக் கட்ட முடிந்தவை ஏறத்தாழ 30 குடும்பங்கள்தான். பெயரளவில் சேர்ந்திருந்தவை 1,500. கட்டாதவர்களுக்கும் காய்கறி போயிற்று.

பன்றி வங்கி நடந்த விதம் எளிமையானது. நீக்ரோ பெண்களின் தேசியக் கவுன்சில் என்ற அமைப்பு முதல் பன்றிகளை வாங்கித் தந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு சினைப்பன்றி கொடுப்பார்கள். அது ஈன்றதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். அவை வளர்ந்து வேறு குடும்பத்துக்குப் போகும். மீதிக் குட்டிகள் உங்களுடையவை. குளிர்காலத்துக்கு இறைச்சி ஆயிற்று. வட்டி இல்லை, அடமானம் இல்லை. முக்கியமாக, நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்க ஆளில்லை. கொல்லையில் பன்றியும் பரணில் காய்கறி அடைத்த போத்தல்களும் இருக்கிற குடும்பத்தை யாரும் சுலபத்தில் மிரட்ட முடியாது என்று ஹேமர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் அலுவலகத் தோப்புக்காரரிடம் இருந்ததை ஊருக்கே பங்கு வைக்கப் பார்த்தார் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். 99 பேரைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவர்களைப் பயமுறுத்தும் சங்கதி எதுவோ அதன்மேல் கைவைத்தார்.

பண்ணை நிலைக்கவில்லை. சூறாவளி, வெள்ளம், வறட்சி அடுத்தடுத்து வந்தன. நன்கொடைகள் குறைந்தன. ஓட்டு, மாநாடு, சட்டம் என்றால் பணம் அனுப்பத் தயாராக இருந்தவர்களுக்கு உரமும் டிராக்டர் பழுதும் அவ்வளவு உற்சாகம் தரவில்லை. ஹேமரின் உடம்பும் விட்டுக்கொடுத்தது. வரிபாக்கிக்காக 1976இல் நிலம் போயிற்று. தோல்விதான், அதைச் சுற்றி வளைத்து வெற்றி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் யோசனை தோற்றதா என்று கேட்டால், இல்லை என்பேன். அதற்குத் துணைநிற்க வேண்டியவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

1977 மார்ச் 14 அன்று ஹேமர் மவுண்ட் பாயூவில் இறந்தார். விடுதலை பெற்ற அடிமைகள் 1887இல் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஊர் அது. அவருக்கு வயது 59. புற்றுநோய், இரத்த அழுத்தம், கையில் பணமில்லை. ரூல்வில் தேவாலயத்தில் இடம் போதாத கூட்டம். ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங் வந்து இரங்கலுரை ஆற்றினார். மிசிசிப்பி சட்டமன்றம் 116க்கு 0 என்ற கணக்கில் புகழ்த் தீர்மானம் போட்டது. பிறகு தபால் நிலையத்துக்குப் பெயர், 2012இல் சிலை, 2025 ஜனவரியில் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம். எல்லாம் தகும். ஆனால் ஒன்றுகூட அந்த நிலத்தை மீட்டுத் தரவில்லை.

அதனால் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் மதிக்கும் தலைவர் யாராக இருந்தாலும் சரி, அடுத்த நினைவுநாளில் மாலை வாங்கப் போகுமுன், அவர் தொடங்கிய சங்கமோ, கூட்டுறவோ, இரவுப் பள்ளியோ எங்காவது இன்னும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அங்கே போய், பாக்கி எவ்வளவு என்று கேட்டு, சந்தாவைக் கட்டிவிட்டு வாருங்கள். மாலையை அப்புறம் போடலாம்.