கைமாறும் நேரம்

திருத்தணியை அடுத்த ஒரு சிற்றூரில் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தையை எண்ணிப் பார்ப்போம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பிரசவம் பார்த்த செவிலியர் அதை 108 ஊர்தியின் உதவியாளரிடம் தருகிறார். அவர் திருவள்ளூரிலோ சென்னையிலோ உள்ள பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கிறார். அங்கே காலை, மாலை, இரவு எனப் பணிமுறை மாறுந்தோறும் குழந்தை மீண்டும் கைமாறுகிறது. தாயோ இன்னும் பிரசவ வார்டில். தன் வலியைத் தானே சொல்லவியலாத அவ்வுயிரின் வரலாறு முழுவதும் பிறர் நாவில் இருக்கிறது.

ஜென்டாமைசின் என்னும் மருந்தையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் முதிராத குறைமாதக் குழந்தைக்கு அதனை 36 அல்லது 48 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் செலுத்துவர். எட்டு மணி நேரப் பணியாயின், 48 மணி நேரத்துக்குள் ஆறு முறை பொறுப்பு மாறுகிறது. ஒருவர் சொல்லத் தவறி, மருந்து முன்கூட்டியே ஏறினால் செவியும் சிறுநீரகமும் கெடக்கூடும்.

ஆதலால்தான் இன்ன செய்தியை இன்ன வரிசையில் சொல்லுக என்று மருத்துவ உலகம் முறை வகுக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் இதனைச் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது.

அன்பிருந்தால் போதாதா, படிவம் எதற்கு என்று கேட்போர் உண்டு. இரவு முழுதும் விழித்த செவிலியரிடம் அன்புக்குக் குறைவில்லை; களைத்திருப்பது அவரது நினைவாற்றல். உண்மையான வினா வேறு: ஒருவரது பொறுப்பு எப்போது முடிகிறது? மணி அடித்தபோதா, சொல்லி முடித்தபோதா, கேட்டவர் புரிந்துகொண்டபோதா? மூன்றாவதே சரி என்பேன். ஏற்பவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லும்வரை குழந்தை முன்னவருடையதே. இதனால் சில நிமிடம் பேருந்து தவறலாம், தவறட்டும்.

படிவத்துக்கும் குறையுண்டு. “இந்தப் பிள்ளை இன்று ஏனோ சோர்ந்திருக்கிறது” என்ற சொல்லுக்குப் பல படிவங்களில் கட்டம் இராது. நோய்த்தொற்றின் முதல் அறிகுறி பலவேளை அதுதான். அதற்கொரு வெற்றிடம் விட்டாக வேண்டும்.

கடைசியாக ஏற்பவள் தாய். குறைமாதக் குழந்தையின் கண்களை 30 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். தவறினால் பார்வையே பறிபோகலாம். 1960 வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதியில், அவளுக்குத் தெலுங்கே எளிதாயிருக்கலாம். நாளை அவள் மொழியிலேயே கூறி, அவளையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்த பிறகே வழியனுப்ப வேண்டும்.