சண்டைக்குப் பழக்கிய நாய்

சண்டைக்குப் பழக்கிய நாயை வீட்டில் வளர்க்கலாமா? 'அதன் இரத்தத்தில் ஊறியது, கொன்றுவிடுவதே மேல்' என்பதுதான் உணவகச் சமையலறைகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில். நடந்ததைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வேர்ஜினியாவில், அமெரிக்கக் காற்பந்து வீரர் மைக்கல் விக்கின் வளவிலிருந்து 50இற்கும் மேற்பட்ட நாய்கள் கைப்பற்றப்பட்டன. பெரிய விலங்குநல அமைப்புகளே அவற்றைக் கொன்றுவிடச் சொல்லின. ஆனால் நீதிமன்ற வழக்கில் அவை ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. பலவற்றின் நோய் மூர்க்கமல்ல, பயம். வீடு சேர்ந்தவற்றில் ஒன்று, வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்து கேட்கும் நாயாயிற்று.

எல்லாம் வீடு சேரவில்லை என்பதும் உண்மை. மிகவும் பாதிக்கப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்துச் சரணாலயமொன்றுக்குப் போயின. அவற்றில் இரண்டு ஆயுள் முழுதும் அங்கேயே இருக்கவேண்டுமென நீதிமன்றம் பணித்தது. மெரில் அந்நியரை ஏற்காதது. லூக்காஸோ மனிதரோடு நன்றாகப் பழகியது. ஆனால் களத்தில் வென்ற நாய். சண்டை நடத்துவோர் அதைத் தேடி வரக்கூடும். இங்கே ஆபத்து யாரிடம் இருக்கிறது?

பராமரிப்புக்கென விக் சுமார் 9 இலட்சத்து 28 ஆயிரம் டொலர் கட்டவேண்டியிருந்தது. கெடுத்தவனே செலவைச் சுமந்ததால்தான் இத்தனையும் நடந்தது. கூட்டமாகத் தீர்ப்பெழுதச் செலவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கக் காசும் பொறுமையும் வேண்டும்.

'எங்கள் கதையைத் தனியே கேளுங்கள்' என்று அகதி விசாரணை மேசையில் மன்றாடியவர்கள் நாங்கள். அந்த நியாயத்தை ஒரு நாய்க்கு மறுக்க எங்களுக்கு வாயில்லை.