கூர்மைக்கு விலை என்ன?

புறநானூற்றின் 95ஆம் பாடல் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் பலமுறை விளக்கிய பாடலாகும். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகச் சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகின்றான். மயிற்பீலியும் பூமாலையும் பூண்டு, எண்ணெய் தடவப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் அவனுடைய வேல்கள் பளபளக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. ஔவையார் எதனைப் புகழ்ந்தார், எதனை இகழ்ந்தார் என்பதை மாணவர் அறிவர். வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் இப்பாடலைப் படித்துவிட்டுக் கடந்து செல்வதில் ஓர் இழப்பு உண்டு. ஒரு கருவியின் மதிப்பு எங்கே இருக்கிறது என்னும் வினா அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

அவ்வினா இன்று வேறொரு வடிவில் எழுந்துள்ளது. சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்திகளுள் சில 2,000 ரிங்கிட்டைத் தாண்டி விற்கின்றன. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் ‘செபென்சா’ என்னும் கத்தி இவ்வகையில் பெயர்பெற்றது. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆகவே போர்ட் கிள்ளான் கிடங்கொன்றில் மாதம் முழுவதும் பெட்டி பிரித்து அடுக்கும் தொழிலாளி ஒருவரின் அடிப்படைச் சம்பளம் அந்தக் கத்தி ஒன்றுக்குப் போதாது. அத்தொழிலாளியின் கையில் இருப்பதும் கத்திதான். மழுங்கிய நுனியை ஒடித்துவிட்டு அடுத்த துண்டை முன்னே தள்ளும் அலகுக் கத்தி அது. 1956இல் ஜப்பானின் ஒசாக்கா நகரில் ஒக்காடா யோஷியோ என்பவர் கண்ட அமைப்பு. பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அட்டைப்பெட்டியை அறுப்பதில் செபென்சா இதனை எவ்வகையிலும் வென்றுவிடாது.

இவ்வளவோடு முடிவுரைத்துவிடலாம் எனச் சிலர் கருதக்கூடும். ஆயின் விலையுயர்ந்த கத்தியின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். அந்த நியாயம் அற்பமானதன்று.

மடக்குக் கத்தி என்பது இயல்பிலேயே குறையுள்ள கருவி. அலகும் பிடியும் ஒரே உடலாய் இருக்கும் கத்தியில் முரிவதற்கு மூட்டு இல்லை. மடக்குக் கத்தியிலோ முழுச் சுமையும் ஓர் ஆணியின்மேல் விழுகிறது. அந்த ஆணி தளர்ந்தால் அலகு ஆடும். பூட்டு நழுவினால் அலகு பிடித்தவன் விரல்மேலேயே மடங்கும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடிக் கத்தி, மனிதன் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கத்தியை மடக்கக் கற்றுவிட்டான் என்று காட்டுகிறது. மடங்கியதை விரித்தபின் அசையாமல் நிறுத்தும் வேலை அத்துணை எளிதாக இருக்கவில்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தொடங்கிய ஒப்பினெல் கத்திக்கே சுழலும் பூட்டு வளையம் 1955இல்தான் வந்தது. செபென்சாவின் பிடி டைட்டானியத்தால் ஆனது. அப்பிடியின் ஒரு பகுதியே வளைந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். தனிப் பூட்டு இல்லை, பிடியே பூட்டு. இதனை மயிரிழை பிசகாமல் அமைப்பதற்கு நேரமும் தேர்ந்த கையும் தேவை.

அலகின் செய்தியும் அவ்வாறே. பொடியாக்கிய உருக்கை அழுத்திச் சேர்த்துச் செய்யும் இக்கால எஃகில் கடினமான துகள்கள் நுண்ணியனவாய்ச் சீராகப் பரவி நிற்கும். அதனால் கூர் நெடுநாள் நிலைக்கும். துறைமுகக் காற்றின் உப்பும் ஈரமும் சாதாரணக் கரியெஃகை ஓரிரவில் துருவேற்றிவிடும் என்பதைக் கடலோரத்தில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. துரு ஏறாத எஃகும் டைட்டானியமும் அங்கே உண்மையான நன்மைகள்.

ஆனால் நன்மை உண்டு என்பது வேறு, விலைக்கு ஈடான நன்மை உண்டு என்பது வேறு. ஐந்து ரிங்கிட் கத்தியின் ஆணி சில மாதங்களில் ஆடத் தொடங்கும். பூட்டை நம்ப முடியாது. அதனை வாங்குவது சிக்கனம் அன்று. விரலைப் பணயம் வைக்கும் சூது. நூறு ரிங்கிட் அளவில் ஒப்பினெல்லோ சுவிட்சர்லாந்துக் கத்தியோ கிடைக்கும். தீட்டித் துடைத்துப் பேணினால் அது வாங்கியவன் ஆயுள் முழுதும் வரும். ஐந்திலிருந்து நூறுக்கு ஏறும்போது வாங்குபவன் பெறுவது பெரிது. நூறிலிருந்து இரண்டாயிரத்திற்கு ஏறும்போது பெறுவது சிறிது. மலையடிவாரத்தில் ஏறும் ஒவ்வோர் அடியிலும் காட்சி விரிகிறது. உச்சியை நெருங்கியபின் நூறு படி ஏறினாலும் அதே கடல்தான் தெரிகிறது. ‘நல்ல பொருளை ஒருமுறை வாங்கினால் போதும்’ என்னும் வாதம் நூறு ரிங்கிட் கத்தியை நியாயப்படுத்துகிறது. இரண்டாயிரம் ரிங்கிட் கத்தியை வாங்குபவரும் அதே வாதத்தைச் சொல்வது, பிறர் வீட்டுச் சான்றிதழைக் காட்டித் தமக்கு வேலை கேட்பது போன்றது.

இன்னொன்றும் உண்டு. நெடுநாள் கூர் மங்காத எஃகு, மங்கியபின் எளிதில் தீட்டவும் படாது. சாதாரணச் சாணைக்கல் அதனிடம் தோற்கும். வைரத்துகள் பதித்த கல் வேண்டும். கரியெஃகு அலகோ வீட்டுத் திண்ணைக் கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் கூர்மை பெறும். எது சிறந்தது என்பது யார் கையில், எந்த ஊரில், எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது.

அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் தொடக்கத்தில் டெல்பிக் கத்தியைப் பற்றி ஒரு வரி போகிறபோக்கில் கூறுகின்றார். பல வேலைக்கு ஒரே கருவியைக் கொல்லர் கஞ்சத்தனமாகச் செய்வது போல இயற்கை செய்வதில்லை; ஒரு பொருளை ஒரு பயனுக்கென்றே படைக்கிறது என்பது அவர் கருத்து. 1897இல் கார்ல் எல்செனர் பதிவுசெய்த சுவிட்சர்லாந்து அதிகாரிகள் கத்தியை அவர் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆயினும் ஏழைக்கு ஒரு கருவி பல வேலை செய்தாக வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்பது செல்வர் வீட்டு மெய்யியல். அரிஸ்டாட்டில் அந்த வரியை எழுதிய இடம் பெண்ணுக்கும் அடிமைக்கும் வேறுபாடு கூறும் இடம் என்பதும் மறக்கத் தக்கதன்று.

ஒரு வேலைக்கே உரிய கத்திக்கு மலேசியத் தமிழர் வாழ்வில் தனி இடம் உண்டு. கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் ரப்பர் மரத்தடியில் நின்றவர்கள் ஏந்திய பால்வெட்டுக் கத்தி அது. மடங்காதது, விலை குறைந்தது, கண்ணுக்கு அழகில்லாதது. அதன் வேலையோ அறுவை மருத்துவருடைய வேலைக்கு ஒப்பானது. மரப்பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்றுண்டு. பால் மிகுதியாக ஓடும் குழாய்கள் அப்படலத்தை ஒட்டியே அமைந்துள்ளன. கத்தி ஆழப் பதியாவிட்டால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்து ஆழ்ந்தால் படலம் புண்படும். புண்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாய்த் தடித்துவிடும். மறுமுறை அங்கே சீவ முடியாது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி 1890களில் மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் அரையிருளில் நிறைவேற்றிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் உடையவை. அங்கே நுட்பம் கருவியில் இல்லை, கையில் இருந்தது. அந்த நுட்பத்திற்குக் கிடைத்த கூலி எவ்வளவு சிறிது என்பதை, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த வரலாறே சொல்லும்.

ஆகவே வினாவைச் சற்றே திருப்பிக் கேட்க வேண்டியுள்ளது. விலையுயர்ந்த கத்தியை வாங்குபவர், ‘கைவினைஞனின் உழைப்பை மதிக்கிறேன், அவன் செலவிட்ட மணிநேரங்களுக்கு விலை கொடுக்கிறேன்’ என்கின்றார். இஃது உயர்ந்த சொல். மெய்யாகவே பொருந்தும் இடமும் உண்டு. ஒரு நல்ல பொருளைச் செய்தவன் நன்றாக வாழ்ந்தால் யாருக்கும் அதில் மனக்குறை இருக்கலாகாது. ஆனால் அம்மதிப்பு எங்கெங்கே பாய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது? சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறைகளிலும் நெருப்பின் முன் நின்று இரும்பை அடித்து, பதம் பார்த்துத் தோய்த்து, கூர் ஏற்றும் மனிதன் உண்டு. அவனிடம் வாங்குபவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகின்றனர். பட்டுத்துணி விரித்த பெட்டியில் வரும் கத்திக்குப் பேரம் பேசாத கை, பட்டறை வாசலில் பத்து ரூபாய்க்கு வாதாடுமானால் அது மதிப்பது உழைப்பை அன்று, பெட்டியை.

இங்கு வரலாறு சிறிது நகைக்கிறது. ஐரோப்பா தென்னிந்திய எஃகைத் தேடி நின்ற காலம் ஒன்றிருந்தது. ‘ஊட்ஸ்’ என்று ஆங்கிலேயர் அழைத்த எஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் ஆய்வுரை அளித்தார். அப்பெயர் ‘உக்கு’, ‘உருக்கு’ என்னும் தென்னாட்டுச் சொற்களோடு தொடர்புடையது என்பர். இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதனை ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் மேலானதாகக் கருதி, அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் அதில் செய்தார். மைக்கேல் ஃபாரடே அவருடன் சேர்ந்து அவ்வெஃகின் இரகசியத்தை ஆராய்ந்தார். கொங்கு நாட்டுக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. அந்த உலைகளில் நின்றவர்களின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. இன்றைய உயர்விலைக் கத்தியின் அலகிலோ செய்தவன் பெயர், எஃகின் பெயர், சில வேளைகளில் செய்த நாள்கூடப் பொறிக்கப்படுகின்றது. பெயருக்கும் சேர்த்தே விலை பெறப்படுகிறது.

பயனுக்கு அப்பாற்பட்ட மதிப்பே கூடாது என்று வாதிடுவது வறட்டு வாதம். மலாய் மக்களின் கிரிஸ் வாளை யாரும் காய்கறி நறுக்கும் திறன் கொண்டு அளப்பதில்லை. அது குடிவழியையும் சடங்கையும் மரியாதையையும் தாங்கி நிற்பது. தாத்தாவின் வெற்றிலைப் பாக்குவெட்டி பேரன் வீட்டில் பாக்கு வெட்டாமலே மதிப்புப் பெறுகிறது. ஆனால் அத்தகைய மதிப்பு வாழ்ந்த வாழ்வால் பொருளின்மேல் படிவது. கடையில் விலை கொடுத்து அதனை முன்கூட்டி வாங்க முடியாது. புதிய மடக்குக் கத்தி தன் பெட்டியிலிருந்து வெளிவரும்போது யாருடைய நினைவையும் தாங்கியிருப்பதில்லை. அதற்கு நினைவு ஏற வேண்டுமாயின் அது கயிறு அறுக்க வேண்டும், மாங்காய் நறுக்க வேண்டும், மழையில் நனைய வேண்டும், பிடியில் கீறல் விழ வேண்டும்.

அதற்குத்தான் பலர் அஞ்சுகின்றனர். ‘செபென்சா’ என்பது சூலு மொழிச் சொல். வேலை என்பது அதன் பொருள். வேலை என்று பெயரிட்ட கருவியைக் கீறல் படக்கூடாது என்று பெட்டியிலேயே வைத்துப் பூட்டுகின்றவர் உலகெங்கும் உளர். செல்வத்தைச் சேர்த்து வைத்து நுகராதவன் செத்தவனுக்கு ஒப்பானவன் என்று வள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ என்னும் அதிகாரத்தைத் தொடங்கினார். அங்கு அவர் சொன்னது பொருட்செல்வத்தைப் பற்றி. கருவியைப் பொறுத்தவரை அக்குற்றம் இருமடங்கு. பணம் நாளைக்கேனும் பயன்படும் என்று சொல்லித் தப்பலாம். கத்தி செய்யவேண்டிய வேலை இன்று கண்முன் காத்திருக்கிறது.

கடலில் பணிபுரிபவர் நிலை வேறு. ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறு கையால் கத்தியை விரித்து இறுகிய கயிற்றை அறுக்க வேண்டிய நொடி அவருக்கு வரலாம். அந்த நொடியில் பூட்டு நழுவாத கத்திக்கு அவர் கொடுத்த விலையைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. 1972 வரை சுவெட்டன்ஹாம் துறை என்றே வழங்கிய இத்துறைமுகத்தில், 1973இல் கொள்கலன் முனையம் திறக்கப்படுமுன், சரக்கு சாக்கிலும் மூட்டையிலும் கயிற்றுக்கட்டிலும் வந்து இறங்கிய நாளில், கத்தியும் கொக்கியும் உழைப்பாளியின் உடலோடு ஒட்டியிருந்தன. இன்று பெரும் பாரந்தூக்கிகள் இரும்புப் பெட்டிகளை முழுமையாக இறக்குகின்றன. அறுக்க வேண்டிய கயிறு குறைந்துவிட்டது. உயர்விலைக் கத்தியின் சந்தையோ, உடலுழைப்பு அவ்வாறு குறைந்துவந்த ஆண்டுகளிலேதான் வளர்ந்தது. வேலை குறையக் குறைய வேலைக்கருவியின் விலை ஏறியது ஆராயத்தக்க ஒன்று. சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. பொது இடத்தில் தக்க காரணமின்றித் தாக்குதற்குரிய ஆயுதம் வைத்திருப்பதை மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்று குற்றமாக்குகிறது. வேலையின்றிக் கத்தி வைத்திருப்பவன் காவலரிடம் காரணம் தேட வேண்டியிருக்கும். மூட்டை அவிழ்ப்பவனுக்கு அவன் வேலையே காரணம்.

சேகரிப்பாளர் சந்தையில் ஒரு வழக்கம் நிலவுகிறது. ஒரு தடவையும் பயன்படுத்தாத, சாணைக்கல்லில் படாத, பெட்டியும் சீட்டும் குலையாத கத்திக்கே மறுவிற்பனையில் உயர்ந்த விலை. நன்கு உழைத்து, பலமுறை தீட்டப்பெற்று, அலகு மெலிந்த கத்தி மதிப்புக் குறைந்ததாக எண்ணப்படும். அச்சந்தையில் தொண்டைமானின் வேலும் அதியமானின் வேலும் ஒருங்கே விலைக்கு வந்தால் எதற்கு மிகுதியாகக் கொடுப்பர் என்பதில் ஐயமில்லை.