படிக்காசு சொல்லும் பாடம்



7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசு சுவாமிகளும் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகளும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடினர். இறைவன் இருவருடைய கனவிலும் தோன்றி, பஞ்சம் தீருமட்டும் நாள்தோறும் படிக்காசு தருவதாக அருளினார் என்கிறது சேக்கிழார் பெருமானின் பெரியபுராணம்.

இருவர் திருமடங்களிலும் அமுது சமைக்கப்பட்டது. ஆனால் அப்பர் மடத்தில் உரிய வேளையில் அன்னம். சம்பந்தர் மடத்தில் தாமதம். சம்பந்தர் அதனைக் கவனித்தார். எவரையும் கடிந்துகொள்ளவில்லை, அமுது சமைப்போரிடம் காரணம் வினவினார். அவர்களும் மறைக்கவில்லை. அப்பர் பெருமானின் காசை வணிகர்கள் அப்படியே ஏற்கிறார்கள். இந்தக் காசுக்கோ வாசி, அதாவது கழிவு கேட்கிறார்கள். அதனால்தான் பண்டம் வாங்கி வர நேரமாகிறது என்றார்கள்.

அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர். ஆதலால் அவர் பெற்ற காசுக்கு வாசி இல்லை என்று உணர்ந்த சம்பந்தர், இறைவன் திருமுன் சென்று பதிகம் பாடினார். வாசி தீர்ந்தது. அடியார் பசியும் வேளையோடு தீர்ந்தது. பின்னர் மழையும் பெய்தது.

அன்பர்களே, காசு தந்தது திருவருள். கடைக்குப் போனதும் அடுப்பு மூட்டியதும் அடியார் கைகள். இடர்க்காலத்தில் ஒரு சபையைக் காப்பவை இரண்டு: தாமதத்தைக் கண்டதும் காரணம் கேட்கும் தலைமை, அஞ்சாமல் உண்மை சொல்லும் மடைப்பள்ளி.

2020ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்று வந்தபோது பல நாடுகளில் ஆலயக் கதவுகள் அடைபட்டன. ஆயினும் பல ஆலயங்களில் பூசை நிற்கவில்லை. அடியார்கள் வீட்டிலிருந்தே திரையில் தரிசித்தார்கள். அன்னதானக் கூடத்துச் சோறு பொதியாகி, முதியோர் வீட்டு வாசலுக்குச் சென்றது. வழக்கம் மாறியது, தொண்டு மாறவில்லை.

அடுத்த இடர் சொல்லிக்கொண்டு வராது. ஆகவே இன்றே நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். ஆலயத் திறப்பு ஒருவரிடம் மட்டும்தானா இருக்கிறது? காசோலையில் கையொப்பமிடுபவர் நோயுற்றால் அரிசி வாங்குவது எப்படி? தனித்து வாழும் முதியோர் யார் யாரென்று அறிந்தவர் எத்தனை பேர்? ஒவ்வொரு பணிக்கும் இரண்டாம் ஒருவரை, அதிலும் இளையவர் ஒருவரைப் பழக்கி வைப்பது பரிபாலன சபையின் கடமை. அழைக்கும்போது முன்வருவது நம் கடமை.

கைத்தொண்டுக்கு என்றும் வாசி இல்லை.

திருச்சிற்றம்பலம்.