அடுப்படிக்கு எந்தக் கிழமை லீவு?

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-ல் அதைக் கேட்கத் தொடங்கினார். ஆலை முதலாளிகள் இறங்கிவர 1890 ஆயிற்று. பிறகு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை விதியாகவே எழுதியது. வாரத்தின் முதல் நாள் வேலை கிடையாது என்றது. அன்று வேலை வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை கொடுத்தாக வேண்டும் என்றது. முதலாளியின் நல்ல குணத்தையும் வேலையின் அவசரத்தையும் நம்பியிருந்தால் ஓய்வு வாய்க்காது என்று பட்டறிந்தவர்கள் கேட்டு வாங்கிய விதி அது. வீட்டுக்குள் மட்டும் நாம் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். எல்லாம் முடிந்தபின் மிஞ்சுகிற நேரத்தில் அம்மா ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்கிறோம். வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது, நேரம் மிஞ்சுவதற்கு? அடுப்படிக்கும் கிழமை குறித்து, மணி குறித்து லீவு விடவேண்டும் என்பதே என் கட்சி.

உண்மையில் மற்ற நாளைவிட ஞாயிற்றுக்கிழமைதான் அடுப்படியில் வேலை அதிகம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் எழுந்து வருவதால் தோசைக்கல் மூன்று தடவை காய்கிறது. கறியோ மீனோ வாங்கிவருவது பெரும்பாலும் ஆண். பையை மேடையில் வைத்ததோடு அவர் பாடு தீர்ந்தது. சின்ன வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, குழம்பு கூட்டி, எல்லாரும் சாப்பிட்டபின் பிசுக்கேறிய சட்டியைத் தேய்த்துக் கவிழ்க்கும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். அதன்பின் வீடே படுக்கிறது, அம்மாவும் படுக்கிறார். ஆனால் காலையில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் பாத்திரத்தில் காத்திருக்கின்றன. நாலரைக்காவது கிரைண்டரை ஓடவிட்டால்தான் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து வைக்கலாம். பிந்தினால் மாவு பொங்காது, திங்கட்கிழமை இட்லி கல்லாகிவிடும். ஆக, அந்தத் தூக்கத்திலும் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கிறது. யூனிஃபார்ம் காய்ந்ததா, கேஸ் புக் பண்ணியாயிற்றா என்பதெல்லாம் கொசுறு.

மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபிறகும் இந்தப் புலம்பலா என்று கேட்கலாம். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டம் அவற்றை ஏழை வீடுகளுக்கும் விலையில்லாமல் கொண்டுசேர்த்தது. ஆட்டுக்கல்லில் தோள் நோக ஆட்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எதை எப்போது ஊறப்போடுவது என்று கிரைண்டர் யோசிக்காது. ஆண்கள் இப்போது கூடமாட ஒத்தாசை செய்கிறார்களே என்பது அடுத்த பதில். ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இரண்டு முறை எடுக்கப்பட்டிருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 2019-ல் 299 நிமிடம் போயிற்று, 2024-ல் 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள் ஆண்களின் கணக்கையும் பாருங்கள்: 97 நிமிடம் 88 ஆகியிருக்கிறது. அவருக்குக் குறைந்ததை இவர் ஏற்றுக்கொள்ளவில்லை, தன் பங்கிலும் ஒன்பது நிமிடத்தைக் கழித்துக்கொண்டார். இத்தனைக்கும் அன்று ஏதோ ஒரு வீட்டு வேலையாவது செய்த ஆண்களின் சராசரிதான் இது; துடைப்பத்தைத் தொடாதவர்கள் இதில் சேரவே இல்லை.

வீடு என்ன ஃபேக்டரியா, பாசத்தோடு செய்வதற்கெல்லாம் சட்டமா என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விரும்பிச் சமைப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் எல்லாருக்கும் பசிக்கும். ஆனால் பாசத்துக்கு ஓய்வு தேவையில்லை என்று யார் சொன்னது? லீவு என்றால் அடுப்பு அணைந்தே கிடக்கவேண்டும் என்பதும் இல்லை. மின் நிலையம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது; ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். மாறுகிறவர் சொன்னதைச் செய்பவராக இருந்தால் மட்டும் போதாது, நினைவு வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். இன்று உப்புமாவா பொங்கலா, ரவை இருக்கிறதா, பாத்திரத்தை யார் கழுவுவது என எதையும் அங்கே தாயிடம் கேட்பதில்லை. பரோட்டா பார்சல் வாங்கினால் போச்சு என்பவர்களுக்கு: அந்தக் கல்லின் முன் நிற்பவருக்கும் ஒரு கிழமை வேண்டும், பார்சலுக்குத் தினமும் பணமும் இராது.

சில வீடுகளில் அம்மாவே அடுப்படியை விட்டுக்கொடுக்கமாட்டார் என்பதும் மெய்தான். இட்லி கல்லானால் மாமியாரும் விருந்தாளியும் அவரைத்தானே கேட்கிறார்கள்? பேச்சு வாங்குவது தான்தான் என்று தெரிந்தவர் எப்படி விலகி உட்காருவார்? மாவுப் பொறுப்பை ஏற்கும் கணவர் அந்தப் பேச்சையும் வாங்கிக்கொள்ளட்டும், நாலு வாரத்தில் பதம் பிடிபட்டுவிடும். எனக்கு உள்ள பயம் வேறு. மாற்று ஆள் வேண்டும் என்றதும் பல வீடுகளில் முதலில் எழும் குரல் “பாப்பா, இங்கே வா” என்பதாகவே இருக்கும். பக்கத்து அறையில் மகன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கணக்கெடுப்பு ஆறு வயது ஆனவர்களிடமிருந்தே எண்ணத் தொடங்குகிறது.